37 தவணையா, 20 தவணையா?

மண்டபத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். விசைப்படகில் காலமெல்லாம் கடலுக்குப் போய்வந்த அப்பாவுக்குப் புராஸ்டேட் புற்றுநோய். மதுரையில் 20 தவணை கரண்ட், அதாவது கதிர்வீச்சு சிகிச்சை, வைக்கச் சொன்னார்களாம். சில வருடங்களுக்கு முன் இதே நோய்க்குப் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு 37 தவணை. "அப்பாவுக்கு வைத்தியத்தைக் குறைத்துவிட்டார்களா?" என்று கேட்கிறார்.

தவணை குறைந்தால் வைத்தியம் குறைந்ததாகாது. கரண்ட் என்று நாம் சொன்னாலும் மின்சாரம் உடம்பில் பாய்வதில்லை. பாய்வது எக்ஸ் கதிர். உடம்பு கருகிவிடும் என்று பயந்து, மந்திரித்துக் கயிறு கட்டி, மாதங்களைத் தொலைத்தவர்களை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

கதிர் செல்லின் டி.என்.ஏ.வை அறுக்கிறது. கரையில் உட்கார்ந்து வலையைச் செப்பனிடுபவர்களைப் பாருங்கள். ஒரு கண்ணி அறுந்தால் பொழுது சாய்வதற்குள் முடிச்சுப் போட்டுச் சரிசெய்துவிடுவார்கள். பக்கத்துப் பக்கத்தில் பல கண்ணிகள் ஒரே நேரத்தில் போனால் அந்த வலை தேறாது. செல்லும் அப்படித்தான். ஒரே அடியில் விழும் சாவு, கதிரின் அளவோடு நேராகக் கூடும். சிறு காயங்கள் சேர்ந்து விழும் சாவோ அளவின் வர்க்கமாகக் கூடும்: தவணை அளவை இரட்டித்தால் இது நான்கு மடங்கு. இரண்டும் சமமாகும் அளவுக்கு ஆல்ஃபா-பீட்டா விகிதம் என்று பெயர். பெரும்பாலான புற்றுகளுக்கு அது 10 கிரே (உடம்பு வாங்கும் கதிரை அளக்கும் அலகு) அளவில் இருக்கும். மெதுவாக வளரும் புராஸ்டேட் புற்றுக்கு ஏறக்குறைய 1.5 என்று 1999இல் பிரென்னர், ஹால் என்ற இரு ஆய்வாளர்கள் கணித்தார்கள்.

இனி கணக்கு எளிது. தவணை அளவை விகிதத்தால் வகுத்து, 1 கூட்டி, மொத்த அளவால் பெருக்குங்கள். 2 கிரே வீதம் 37 தவணை: 74 கிரே, விளைவு 173. 3 கிரே வீதம் 20 தவணை: 60 கிரேதான், விளைவோ 180! விகிதம் 10 என்றிருந்தால் 89, 78 என்று தலைகீழாகியிருக்கும். பக்கத்திலிருக்கும் மலக்குடலுக்கு விகிதம் 3 என்று வைத்தால் 123, 120. புற்றுக்கு அடி கூடுகிறது, குடலுக்குக் கூடவில்லை. இந்த இடத்தை எத்தனை முறை போட்டுப் பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

காகிதக் கணக்கு மனிதர்களிடம் நிற்குமா? பிரிட்டனில் 3,216 ஆண்களிடம் நடந்த 'சிப்' ஆய்வின் முடிவு 2016இல் வந்தது. ஐந்து ஆண்டு முடிவில் நோய் திரும்பாதிருந்தவர்கள் 37 தவணையில் 88.3 சதவீதம், 20 தவணையில் 90.6. இதற்குப் பணம் தந்தவற்றில் ஒன்று, மக்களின் நன்கொடையில் நடக்கும் புற்றுநோய் அறக்கட்டளை. தவணையைக் குறைக்கும் ஆய்வால் எந்த மருந்துக் கம்பெனிக்கும் லாபமில்லை. நம் அரசுதான் இங்கே இதற்குப் பணம் ஒதுக்க வேண்டும். மதுரையில் அறை எடுத்துத் தங்கும் மீனவக் குடும்பத்துக்கு ஏழரை வாரம் நான்காகச் சுருங்குவது சின்ன விஷயமா?

சகோதரி, தவணைக்கு எத்தனை கிரே என்று அப்பாவின் மருத்துவரிடம் கேளுங்கள். அந்த எண்ணை மேலே உள்ள கணக்கில் நீங்களே போட்டுப் பார்க்கலாம்.