பெயிட்காஸ்டிங் ரீல் தள்ளுபடியில் வந்தால்

தூண்டில் கோலில் மாட்டும் இந்த ரீலின் பெட்டி மேல் கொட்டை எழுத்தில் பேரிங் எண்ணிக்கை இருக்கும்: 12+1, 18+1 என்று. பக்கத்தில் கியர் விகிதம், அதற்குக் கீழே அடித்துத் திருத்திய விலை. தூண்டில் நரம்பு சுற்றியிருக்கும் உருளையான ஸ்பூலின் எடை என்ன என்பது மட்டும் பெரும்பாலும் இருக்காது. வீசும்போது ரீல் எப்படி நடந்துகொள்ளும் என்பதை முடிவு செய்வதில் பெரிய பங்கு அதற்குத்தான்.

இன்னொரு வகையான ஸ்பின்னிங் ரீலில் வீசும்போது ஸ்பூல் அசையாது. நரம்பு அதன் விளிம்பைத் தாண்டி வளையம் வளையமாக உருவிக்கொண்டு போகும். பெயிட்காஸ்டிங் ரீலில் ஸ்பூலே சுழன்றால்தான் நரம்பு வெளியே வரும், அதைச் சுழற்றுவதோ நரம்பின் நுனியில் கட்டிய, பறந்துபோகும் இரையின் இழுப்பு. 34 மி.மீ. விட்டமுள்ள ஸ்பூலின் சுற்றளவு சுமார் 10.7 செ.மீ. இரை நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில் கிளம்பினால் ஸ்பூல் நொடிக்கு 230 சுற்றுக்கு மேல் சுழல வேண்டும். கோலை வீசும் அந்தச் சிறு நேரத்துக்குள் நின்ற நிலையிலிருந்து இந்த வேகத்தை எட்டிவிட வேண்டும்.

தொல்லை அதற்கப்புறம்தான். கிளம்பிய இரையைக் காற்று தடுக்கிறது, அதன் வேகம் குறைந்துகொண்டே வருகிறது. ஸ்பூல் மட்டும் பழைய வேகத்திலேயே நரம்பைத் தள்ளிக்கொண்டிருக்கும். வெளியே போக வழியில்லாத நரம்பு உப்பி, தளர்ந்து, தன் மேலேயே மடிந்து சிக்கு விழுகிறது. ஸ்பூலை வேகப்படுத்துவதும் நிறுத்துவதும் எவ்வளவு கடினம் என்பதைச் சொல்லும் அளவுக்கு நிலைமத் திருப்புத்திறன் என்று பெயர். அதில் எடையோடு, அச்சிலிருந்து உள்ள தூரத்தின் வர்க்கமும் பெருக்கப்படும். இரண்டு மடங்கு தள்ளியிருக்கும் ஒரு கிராம், நான்கு கிராமுக்குச் சமமாக வேலை காட்டும். ஆக, விளிம்பு வரை சுற்றிய தடித்த நரம்பும் ஸ்பூலின் கனத்தில்தான் சேர்த்தி.

விற்பவர் ஸ்பூலைச் சுண்டிவிட்டு, "பாருங்க, எவ்வளவு நேரம் சுத்துது!" என்பார். மயங்க வேண்டாம். உராய்வு குறைந்தாலும் அப்படிச் சுற்றும், ஸ்பூல் கனமாக இருந்தாலும் அப்படித்தான் சுற்றும். நமக்கு வேண்டியது சட்டென்று கிளம்பி சட்டென்று அடங்கும் ஸ்பூல். ஆழம் குறைந்து, சுவர் மெலிந்து, துளைகள் போட்டிருந்தால் நல்ல அறிகுறி. பேரிங் விஷயமும் இப்படித்தான். வீச்சில் முக்கியமாகப் பங்கெடுப்பவை ஸ்பூலின் அச்சைத் தாங்குபவை. கைப்பிடிக் குமிழுக்குள் இருக்கும் நான்கு பேரிங் எண்ணிக்கையைக் கூட்டுமே தவிர, இரையை ஓரடி கூடத் தள்ளி விழ வைக்காது.

அடுத்து, ஸ்பூல் இரையை முந்தாமல் பிடித்துவைக்கும் பிரேக். ஒரு வகையில் ஸ்பூலோடு சேர்ந்து சுழலும் சின்னக் கட்டைகள் மையவிலக்கு விசையால் வெளியே நகர்ந்து ஒரு வளையத்தில் உரசும். வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்கு. எனவே வீச்சின் தொடக்கத்தில் கெட்டியாகப் பிடித்து, வேகம் குறையக் குறைய விட்டுவிடும். இன்னொரு வகை காந்தம். அலுமினியம் காந்தத்தில் ஒட்டாதே என்று தோன்றும். ஆனால் காந்தப்புலத்தில் சுழலும் உலோகத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, அந்தச் சுழற்சியையே எதிர்க்கும். 1855-ல் லியோன் ஃபூக்கோ செம்புத் தட்டைக் காந்த முனைகளுக்கு நடுவே சுழற்றிக் கண்டது இதைத்தான். தட்டு சூடேறவும் செய்தது. இங்கே தடை ஏறத்தாழ வேகத்துக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், ஸ்பூல் மெதுவாகும்போதும் பிடி முழுதாக விட்டுப்போகாது. எதிர்க்காற்றில் இரை கடைசியில் தள்ளாடும்போது இது கைகொடுக்கும். பழகுபவருக்கு, வெளியே திருகு வைத்த காந்தப் பிரேக் வசதி என்பது என் எண்ணம். இரண்டும் சேர்ந்த ரீல் கிடைத்தால் இன்னும் நல்லது. எது இருந்தாலும் கட்டைவிரல் ஸ்பூலைத் தொட்டுப் பழகத்தான் வேண்டும்.

கியர் விகிதத்துக்கு அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். 7:1 என்றால் கைப்பிடி ஒரு சுற்றுக்கு ஸ்பூல் ஏழு சுற்று. நாம் பார்த்த 34 மி.மீ. ஸ்பூல் நிரம்பியிருக்கையில் சுமார் 75 செ.மீ. நரம்பு உள்ளே வரும். நரம்பு குறைந்து விட்டம் 24 மி.மீ. ஆனால் 53 செ.மீ.தான்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. நீங்கள் வழக்கமாக வீசும் இரையைக் கட்டித் தொங்கவிட்டு, ஸ்பூலின் அச்சை இறுக்கும் அழுத்தத் திருகை மெல்லத் தளர்த்திக்கொண்டே, ஸ்பூலை விடுவிக்கும் கட்டைவிரல் பட்டனை அழுத்துங்கள். இரை சீராக இறங்கி, தரையைத் தொட்டதும் ஸ்பூல் கிட்டத்தட்ட உடனே நிற்க வேண்டும். திருகு ஓரளவு தளர்ந்த பிறகும் விக்கி விக்கி இறங்கினால் அச்சிலோ பேரிங்கிலோ கோளாறு.

புது மாடல் வந்ததால் பழையதன் விலை குறைந்திருந்தால், 10 கிராமும் அதற்கு மேலும் வீசுபவர் தாராளமாக வாங்கலாம். உங்கள் இரைகள் பெரும்பாலும் 5 கிராமுக்குக் கீழே என்றால், சாதாரண ஸ்பூலை வேகப்படுத்த அந்த இழுப்பு போதாது. பாதி விலையே ஆனாலும் விட்டுவிட்டு, ஸ்பின்னிங் ரீலிலேயே இருங்கள். அப்புறம், கைப்பிடி எந்தப் பக்கம் என்று பார்த்தீர்களா? பெயிட்காஸ்டிங் ரீலில் அதைக் கழற்றி மறுபக்கம் மாட்ட முடியாது.