13 வயதில் எத்தனை வயது?

மீத்திறன் பிள்ளை, அதாவது வயதை மீறிய அறிவுத்திறன் கொண்ட பிள்ளை என்றாலே "யாரோடும் ஒட்டாது" என்று ஒரு பேச்சு உண்டு. முதலில் கணக்கைப் பார்ப்போம். ஐ.கியூ. எனும் அறிவுத்திறன் எண் 130-ஐத் தாண்டுபவர்கள் நூற்றுக்குச் சுமார் 2 பேர். 145-ஐத் தாண்டுபவர்களோ ஏறக்குறைய 740 பேருக்கு ஒருவர்தான். தன் வயதில், தன் வேகத்தில் யோசிக்கும் துணை வகுப்பில் கிடைக்காததற்குப் பிள்ளையின் குணத்தைக் குறை சொல்வானேன்?

ஆள் எண்ணிக்கை பாதிக் கதைதான். நட்பு என்றால் என்ன என்பதே பிள்ளைகளுக்கு வளர வளர மாறுகிறது. முதலில் கூட விளையாட ஓர் ஆள் போதும். அப்புறம் பேசிக்கொள்ள, உதவிக்கொள்ள. என்ன நடந்தாலும் விட்டுப்போகாத ஒருவர் வேண்டும் என்ற எண்ணம் கடைசியில்தான் வருகிறது. ஆஸ்திரேலியாவில் இதை ஆராய்ந்த மிராக்கா கிராஸ், இந்தப் படிகளில் ஏறும் வேகம் பிறந்த தேதியைவிட மன வயதையே (அறிவு எந்த வயதுக்கு ஈடாக வளர்ந்திருக்கிறது என்பதையே) அதிகம் ஒட்டியிருப்பதைக் கண்டார். 8 வயதுச் சிறுமி ஒருத்தி உயிர்த்தோழியைத் தேடுகிறாள்; எதிரே நிற்பவளுக்கோ பந்து பிடிக்க ஆள் வேண்டும். இருவர் மேலும் தப்பில்லை. பதின்பருவத்தில் மற்றவர்களும் படியேறி வந்துவிடுவதால் இந்த இடைவெளி குறைகிறது. அதற்குள் சில பிள்ளைகள் எதையும் வெளியே சொல்லாமலிருக்கப் பழகியிருப்பார்கள், அதுதான் சிக்கல்.

காதல் வேறு மாதிரி. ஹார்மோன்கள் மன வயதைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. இரண்டு வகுப்பு தாண்டிப் படிக்கும் 13 வயதுப் பையன், 15 வயதுப் பெண்ணோடு இயற்பியலைச் சரிசமமாகப் பேசுவான். அவளுக்கு அவன் தம்பிதான். அமெரிக்காவில் 2000-இல் வெளியான ஓர் ஆய்வில், அறிவுத்திறன் தேர்வில் அதிக மதிப்பெண் பெற்ற பதின்வயதினர் முதல் முத்தத்தைக்கூடத் தள்ளிப்போட்டிருந்தார்கள்.

பெற்றோர் ஏமாறுவது சுதந்திரம் கொடுப்பதில். பெரியவர் போலப் பேசுகிற பிள்ளைக்கு மூளையும் முதிர்ந்துவிட்டதாகத் தோன்றும். பிலிப் ஷா குழுவினர் 2006-இல் வெளியிட்ட மூளைப்பட ஆய்வு நேர்மாறாகச் சொன்னது: மிக அதிக ஐ.கியூ. உள்ளவர்களின் மூளைப்புறணி, அதாவது மூளையின் வெளி அடுக்கு, தன் உச்சத் தடிமனை மற்றவர்களைவிடத் தாமதமாக, சுமார் 11 வயதில்தான் எட்டியது. அவசரத்துக்குப் பிரேக் போடும் முன்பகுதி எல்லோருக்கும் இருபதுகளில்தான் முழுமையடைகிறது.

எதைப் படிப்பது என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும், சரி. நண்பர்களோடு இரவில் வண்டி எடுத்துப் போவதா? அதற்குப் பிறந்த தேதிதான் கணக்கு. 2005-இல் வெளியான ஓர் ஆய்வில் காரோட்டும் கணினி விளையாட்டைக் கொடுத்துப் பார்த்தார்கள். தனியாக ஆடியதைவிட, நண்பர்கள் கூட இருந்தபோது பதின்வயதினர் கூடுதல் ஆபத்தை எடுத்தார்கள். பெரியவர்களிடம் அந்த வித்தியாசம் அவ்வளவாக இல்லை.