லூப்பரை எல்லா இசைக்கலைஞர்களிடமும் கொண்டுசேர்ப்பது எப்படி?

லூப்பர் என்பது வாசிப்பதையோ பாடுவதையோ உடனே பதிவுசெய்து, அந்தத் துண்டை (லூப்) திரும்பத் திரும்ப ஒலிக்கவிடும் கருவி; பெரும்பாலும் காலால் மிதித்து இயக்குவது. எத்தனை டிராக், எத்தனை நிமிட மெமரி, மிடி கிளாக் உண்டா? லூப்பர் விளம்பரங்கள் பெரும்பாலும் இவற்றைத்தான் பேசுகின்றன. ஏற்கெனவே லூப்பர் வைத்திருப்பவருக்கே இந்தக் கேள்விகள் புரியும். ஒரு பாடகரோ வயலின் வாசிப்பவரோ கேட்பது வேறு: "என் மைக்கை இதில் மாட்ட முடியுமா? மேடையில் தப்பாக மிதித்துவிட்டால் என்ன ஆகும்?" விற்பனை நின்றுபோவது இந்த இடத்தில்தான்.

முதலில் மைக். கிட்டார் பெடலாகப் பிறந்த லூப்பர்களில் 6.3 மி.மீ. ஜாக் மட்டும்தான் இருக்கும். பாடும் மைக்கின் சிக்னல் மிகச் சிறியது. அதைப் பெருக்கும் ப்ரீஆம்ப் இல்லாமல் மாட்டினால் சத்தம் முனகலாகத்தான் வரும், கூட்டினால் இரைச்சலும் கூடும். கண்டென்சர் மைக் என்றால் கேபிள் வழியே மைக்குக்குப் போகும் 48 வோல்ட் மின்சாரமும் (பேண்டம் பவர்) வேண்டும். விளம்பரத்தில் பாடகர்களுக்கான பக்கத்தில் எக்ஸ்எல்ஆர் உள்ளீட்டின் (மைக் கேபிளை மாட்டும் மூன்று முனைச் செருகியின்) படத்தை முதலில் போடுங்கள். அது இல்லாத மாடல் என்றால், மிக்ஸரின் ஆக்ஸ் அவுட்டில் (சிக்னலைத் தனியாக வெளியே அனுப்பும் வழியில்) இணைக்கும் படத்தைப் போடுங்கள். லூப்பரின் வெளியீடு மிக்ஸருக்குத் திரும்பும் சேனலில் அதே ஆக்ஸைப் பூஜ்யத்தில் வைக்கவும் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் சிக்னல் சுற்றிச் சுற்றி ஊளையிடும். பியெஸோ பிக்கப் (அதிர்வை மின் சிக்னலாக்கும் உணரி) வைத்த வயலினுக்குச் சிக்கல் நேர்மாறு: லூப்பரின் உள்ளீட்டு இம்பீடன்ஸ் (மின் எதிர்ப்பு) குறைவாக இருந்தால் கீழ்ஸ்தாயி மெலிந்துவிடும். 1 மெகாஓம் அல்லது அதற்கு மேல் என்றால் அந்த எண்ணைத் தயங்காமல் எழுதுங்கள்.

அடுத்து, கால். புதியவர் லூப்பரைக் கைவிடுவதற்கு முதல் காரணம் பதிவை முடித்து லூப்பை மூடும் அந்த மிதிதான். நிமிடத்துக்கு 100 தட்டு வேகத்தில் பதினாறு தட்டு கொண்ட ஒரு லூப் 9.6 விநாடி. முடிக்கும்போது 0.1 விநாடி தாமதமாக மிதித்தால் லூப் 9.7 விநாடி ஆகிவிடும். தனியாக வாசித்தால் ஒவ்வொரு சுற்றிலும் சின்னத் தடுக்கல், அவ்வளவுதான். டிரம்மரோ கிளிக் டிராக்கோ (தாளத்தைத் தட்டிக் காட்டும் ஒலி) கூட இருந்தால் பத்துச் சுற்றில் ஒரு முழு விநாடி விலகிவிடும். ஒன்றரைத் தட்டுக்கும் மேல். "கடைசித் தட்டில் மிதிக்காதீர்கள், அடுத்த சுற்றின் முதல் தட்டில் மிதியுங்கள்" என்ற ஒரே வாக்கியம் பெட்டிக்குள் முதல் தாளாக இருக்க வேண்டும். எழுபது பக்கக் கையேட்டைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

டெமோ வீடியோவில் ஏழெட்டு அடுக்கு போட்டு மலைக்க வைப்பது புதியவரை விரட்டத்தான் உதவும். ஒரு அடுக்கு, அதன் மேல் ஒரு மெட்டு, 90 விநாடி. காலும் கையும் ஒரே ஃபிரேமில் தெரியட்டும். ஒரு தவறான அடுக்கை நீக்குவதையும் (அன்டூ) வெட்டாமல் காட்டுங்கள். பயத்தைப் போக்குவது அதுதான். 2004இல் ஸ்காட்லாந்துப் பாடகி கே.டி. டன்ஸ்டல் பிபிசி தொலைக்காட்சியில் அகாய் ஹெட்ரஷ் லூப்பர் பெடலோடு தனியாளாகப் பாடியபோது, பார்த்தவர்களுக்குச் சாதனத்தின் பெயர் தெரிந்திருக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. பாட்டு கண்ணெதிரே கட்டப்படுவதைப் பார்த்தார்கள்.

எல்லோருக்கும் பெடல்தான் என்றும் இல்லை. 2013இல் வந்த, பாஸ் (Boss) நிறுவனத்தின் ஆர்சி-505 லூப்பர் மேசைமேல் வைத்துக் கையால் இயக்குவது. ஐந்து டிராக், ஒவ்வொன்றுக்கும் ஒலியளவை ஏற்றி இறக்கத் தனி ஃபேடர். வாயாலேயே தாளம் எழுப்புவதால் கை சும்மா இருக்கும் பீட்பாக்ஸ் கலைஞர்களுக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது. இரு கையும் கிட்டாரில் இருப்பவரிடம் அதையே காட்டிப் பயனில்லை. வாசிக்கும்போது அவருடைய எந்த உறுப்பு சும்மா இருக்கிறது என்று கேட்டுவிட்டு மாடலைச் சொல்லுங்கள்.