பகிர்கட்டுப்பாடு: ஒரு சொல் விளக்கம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தமிழ் கற்பிப்போருக்காக மொழிபெயர்க்கப்பட்ட போக்குவரத்துக் கையேடு ஒன்றை அண்மையில் படித்தேன். ஒரு மையமின்றி ஒவ்வொரு சந்திப்பும் தானே முடிவெடுக்கும் சாலை விளக்குகளின் ‘டிஸ்ட்ரிபியூட்டட் கண்ட்ரோல்’ அதில் பக்கத்துக்குப் பக்கம் ‘விநியோகிக்கப்பட்ட கட்டுப்பாடு’ ஆகியிருந்தது. உரைகளிலும் பாடக் குறிப்புகளிலும் இதே தொடரைப் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறேன். இனியும் பேசாமலிருப்பது சரியன்று.

‘டிஸ்ட்ரிபியூட்டட்’ என்பதன் வேரான ‘திரிபுவேரே’ என்றால் இலத்தீனில் உரியவருக்கு உரியதை ஒதுக்குதல். ‘திஸ்’ என்னும் முன்னொட்டு பல திசையாகப் பிரிவதைக் காட்டும். ‘கண்ட்ரோல்’ என்பது கணக்கைச் சரிபார்க்க வைத்திருந்த இரண்டாம் படியான எதிர்ச்சுருளின் பெயரிலிருந்து வந்தது. அது தமிழில் ‘கட்டுப்பாடு’ என்று நிலைத்துவிட்டது, அதை நான் மறுக்கவில்லை.

குறை ‘விநியோகம்’ என்ற வடசொல்லில்தான் இருக்கிறது. பூசை முடிந்து பிரசாதம் விநியோகிக்கிறோம். குடிநீரும் மின்சாரமும் விநியோகிக்கப்படுகின்றன. இவை எல்லாவற்றிலும் ஓரிடத்தில் இருப்பு உண்டு, வழங்குகிறவர் உண்டு, கைநீட்டிப் பெறுகிறவர் உண்டு. நாம் பேசும் முறையிலோ ஒவ்வொரு சந்திப்பிலும் உள்ள கட்டுப்பாட்டுப் பெட்டி, தார்ச்சாலைக்கு அடியில் பதித்த கம்பிச்சுருள் போன்ற உணரிகளால் வண்டிகளை அறிந்து, பக்கத்துச் சந்திப்புகளோடு செய்தி பரிமாறி, தன் பச்சை விளக்கு எவ்வளவு நேரம் எரிய வேண்டும் என்பதைத் தானே முடிவு செய்கிறது. 2012இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஈஸ்ட் லிபர்ட்டி பகுதியின் ஒன்பது சந்திப்புகளில் தொடங்கிய சர்ட்ராக் என்னும் சாலை விளக்கு முறை இவ்வகையைச் சேர்ந்தது. பொறியியல் அறிஞர் பிரவீன் வரையா 2013இல் எழுதிய ‘உச்ச அழுத்த’ முறையும் அப்படியே: வரும் வழியில் நிற்கும் வரிசைக்கும் போகும் வழியில் நிற்கும் வரிசைக்கும் உள்ள வேறுபாடு எங்கே மிகுதியோ, அங்கே பச்சை. அதைக் கணக்கிட அண்டைச் சாலைகளின் நிலவரமே போதும். மையத்திலிருந்து எதுவும் வழங்கப்பட வேண்டியதில்லை.

நம் நாட்டவருக்கு இதை விளக்க இயந்திரமே தேவையில்லை. மின்வெட்டில், ரோபோட் என்று நாம் சொல்லும் சாலை விளக்கு அணைந்துவிட்டால் நான்கு பக்கத்து வண்டிகளும் நின்று, முதலில் வந்து நின்றவர் முதலில் போகிறார். ஒவ்வொருவரும் மற்றவரைப் பார்த்துத் தம் முறையை அறிகிறார். அங்கே கட்டுப்பாட்டை யார் யாருக்கு விநியோகித்தார்கள்?

‘விநியோகிக்கப்பட்ட’ என்னும் செயப்பாட்டுவினை ‘யாரால்’ என்ற கேள்வியை எழுப்புவதோடு, செயல் முன்பே முடிந்துவிட்டது என்றும் சொல்லிவிடுகிறது. ஆங்கிலச் சொல்லின் ‘-ed’ என்னும் ஈற்றைக் கண்டவுடன் ‘பட்ட’ என்று ஒட்டிவிடும் பழக்கம் நம் மொழிபெயர்ப்பாளர்களிடம் வேரூன்றியிருக்கிறது. அந்த ஈறு ஆங்கிலத்தில் ஒரு தன்மையை மட்டுமே குறிக்கும் இடங்கள் உண்டு என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

‘பரவலாக்கப்பட்ட’ என்போரும் உளர். 1964இல் அமெரிக்கப் பொறியாளர் பால் பாரன் தகவல் வலைகளை மூன்று படங்களாக வரைந்தார்: ஒரே மையம் உடையது, பல மையங்கள் உடையது, மையமே இல்லாத மீன்வலை போன்றது. மூன்றாவதைத்தான் அவர் ‘டிஸ்ட்ரிபியூட்டட்’ என்றார். ‘அதிகாரப் பரவலாக்கம்’ என்று நாம் நெடுங்காலமாகச் சொல்லிவருவது இரண்டாவதற்கு நெருக்கமானது. மூன்றாவதற்கும் அதையே வைத்தால், அவர் பிரித்துக் காட்டிய இரண்டை நாம் ஒன்றாகக் குழப்பிவிடுவோம். ‘பரவல்’ என்ற சொல்லையோ புள்ளியியல் முன்பே எடுத்துக்கொண்டுவிட்டது.

நான் வேண்டுவது ‘பகிர்’. ஒரே பொருளைப் பலர் பொதுவில் பயன்படுத்துவதையும் அது குறிக்குமே என்று தடை எழுப்பலாம். ஆனால் கல்யாண வீட்டில் வேலையைப் பகிர்ந்து செய்தோம் என்றால், அவரவர் பங்கை அவரவர் பார்த்தோம், மற்றவர் எங்கே இருக்கிறார் என்பதையும் அறிந்திருந்தோம் என்றுதானே பொருள்? அதை ‘பகிர்கட்டுப்பாடு’ என்று வினைத்தொகையாக்கினால், பகிர்ந்த, பகிர்கின்ற, பகிரும் என மூன்று காலமும் ‘ஊறுகாய்’ போல் உள்ளடங்கும். இடையில் வல்லினம் மிகாது. ‘பகிர்க்கட்டுப்பாடு’ என்று எழுதுவது பிழை. செய்தி வலையின் வழியே செல்வதால் முன்னால் ‘வலைவழி’ என்று சேர்க்கலாம். ‘நெட்வொர்க்’ என்பதற்குக் கையேடு வைத்த ‘பிணையம்’ என்றால் நீதிமன்ற ஜாமீன்தான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது.

அதே கையேடு ‘ரோபோட்’ என்பதை ‘இயந்திர மனிதன்’ என்றும் மாற்றியிருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் சாலை விளக்குக்கே அந்தப் பெயர் என்பதைச் சிறுவரும் அறிவர். 1920இல் காரல் சாப்பெக்கின் நாடகம் தந்த அச்சொல்லின் வேர், கட்டாய உழைப்பைக் குறிக்கும் ‘ரொபோதா’ என்னும் செக் சொல். 1860 முதல் ஒப்பந்தக் கூலிகளாக இங்கே கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த நாம் அதை அறிந்தே வைத்துக்கொள்ளலாம்; மாற்ற வேண்டியதில்லை.

கையேட்டின் வாக்கியம் இது: ‘விநியோகிக்கப்பட்ட பிணையக் கட்டுப்பாட்டு அமைப்பினால் இயந்திர மனிதர்கள் ஒருங்கிணைக்கப்படுகின்றனர்.’ அடுத்த பதிப்பில் இப்படி இருக்கட்டும்: ‘ரோபோட்டுகள் வலைவழிப் பகிர்கட்டுப்பாட்டில் தமக்குள் ஒத்து இயங்குகின்றன.’