நாய்க்குட்டியின் கீறலைக் குழந்தை ஏன் மறைக்கிறது?

மே மாதத்து மதுரை வெயிலில் முழுக்கைச் சட்டையோடு ஒரு குழந்தை வந்து நின்றால், நான் நாயைப் பார்ப்பதற்கு முன் அந்தக் குழந்தையின் கையைத்தான் பார்க்கிறேன். ஒரு கால்நடை மருத்துவருக்கு இது தேவையில்லாத வேலை என்று தோன்றலாம். ஆனால் குட்டியை முதல் ஊசிக்குத் தூக்கிக்கொண்டு வரும் குடும்பங்களில், அந்தக் குட்டியோடு நாள் முழுவதும் உருண்டு புரள்வது பெரும்பாலும் 8 வயதைத் தாண்டாத பிள்ளைதான் என்பதும், அந்தப் பிள்ளையின் உடம்பில் எங்கெங்கே கீறல் இருக்கிறது என்பது பெற்றோருக்குப் பெரும்பாலும் தெரியாது என்பதும், இத்தனை ஆண்டுத் தொழிலில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தவை.

சென்ற கோடை விடுமுறையில் ஒரு சனிக்கிழமை மாலை வந்த குடும்பமும் அப்படித்தான். தெருவோரம் கிடந்த குட்டியை எடுத்துவந்து 3 வாரம் ஆகியிருந்தது. பல்லைப் பார்த்ததில் வயது 3 மாதம் இருக்கும் என்று தெரிந்தது. அப்பா குட்டியை மேசைமேல் வைத்து அணைத்துப் பிடித்திருக்க, 6 வயது மகள் மேசை விளிம்பில் முகவாயை வைத்துக்கொண்டு அதன் காதைத் தடவிக்கொண்டிருந்தாள். இடது கையால் மட்டும். வலது கை முதுகுக்குப் பின்னால் இருந்தது. "அந்தக் கையையும் காட்டு பாப்பா" என்றேன். அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், பிறகு மெதுவாக நீட்டினாள். சட்டைக் கையை மடித்துவிட்டபோது முழங்கைக்குக் கீழே மூன்று கோடுகள் தெரிந்தன. அவற்றில் ஒன்றில் ரத்தம் கசிந்து காய்ந்த பொருக்கு. 4 நாள் ஆகிவிட்டதாம். "ஏன்டி சொல்லல?" என்று அம்மா பதறியதற்கு, "சொன்னா அப்பா இதக் கொண்டுபோய் விட்டுருவாங்கள்ல" என்றாள்.

அடி விழும் என்ற பயத்தில்தான் குழந்தைகள் காயத்தை மறைக்கிறார்கள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அதுவும் உண்டு, ஆனால் நான் பார்த்தவரையில் அதைவிடப் பெரிய காரணம், அந்தப் பிராணியின்மீது வைத்திருக்கும் பிரியம். "கடிச்சுச்சுன்னா கொண்டுபோய்க் கண்மாய்க் கரையில விட்டுருவேன் பாத்துக்க" என்று பெரியவர்கள் பாதி விளையாட்டாகச் சொல்லும் ஒரு வார்த்தையைக் குழந்தை முழு உண்மையாக எடுத்துக்கொள்கிறது. அதன் பிறகு கீறல் விழுந்தால் அது காயமாகத் தெரிவதில்லை, நண்பனைக் காட்டிக்கொடுக்கும் சாட்சியாகத் தெரிகிறது. குட்டி வளர்க்கும் வீடுகளில் இந்த ஒரு வார்த்தையைச் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கீறலுக்கு ஏன் இத்தனை பயம் என்று அந்த அப்பாவும் கேட்டார். வெறிநாய்க்கடி நோயை உண்டாக்கும் ரேபிஸ் கிருமி, நோயுற்ற பிராணியின் எச்சிலில் இருக்கிறது. நாய் தன் பாதத்தை நக்கிக்கொண்டே இருப்பதால் நகத்திலும் எச்சில் இருக்கும். காயத்துக்குள் புகுந்த கிருமி ரத்தத்தில் கலந்து ஓடுவதில்லை. நரம்பைப் பற்றிக்கொண்டு மெல்ல மெல்ல மூளையை நோக்கிப் போகிறது. பெரும்பாலானவர்களுக்கு அது மூளையைச் சென்றடைய 1 முதல் 3 மாதம் வரை ஆகிறது என்பதால்தான் கடிபட்ட பிறகும் தடுப்பூசி போட்டு உயிரைக் காப்பாற்ற முடிகிறது. அறிகுறி தோன்றிவிட்டாலோ, அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. குழந்தைகள் உயரம் குறைந்தவர்கள். நாயின் முகமும் அவர்கள் முகமும் ஒரே மட்டத்தில் இருப்பதால் கன்னத்திலும் உதட்டிலும் கழுத்திலும் கடி விழுகிறது, அங்கிருந்து மூளை மிக அருகில் இருக்கிறது. நோயுற்றவை என்று சந்தேகிக்கப்படும் பிராணிகளிடம் கடிபடுபவர்களில் 100-க்கு 40 பேர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள் என்பது உலக சுகாதார நிறுவனம் தரும் கணக்கு.

அந்தக் குழந்தையை முதலில் மருத்துவமனைக்குக்கூட அனுப்பவில்லை, என் மேசைக்குப் பக்கத்திலிருந்த தண்ணீர்க் குழாயடிக்குத்தான் அழைத்துப் போனேன். 4 நாள் கழிந்திருந்தாலும் கழுவத்தான் வேண்டும். ரேபிஸ் கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது. சாதாரணக் குளியல் சோப்பே அதைச் சிதைத்துவிடும். ஓடும் தண்ணீரில், சோப்பு நுரையோடு, முழுதாக 15 நிமிடம். அது எவ்வளவு நீண்ட நேரம் என்பது செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். 3 நிமிடத்திலேயே "போதும் டாக்டர்" என்று பெரியவர்களே கையை இழுத்துக்கொள்வார்கள். கைப்பேசியில் நேரம் வைத்துக்கொண்டு உட்காருங்கள். கழுவிய பிறகு போவிடோன் அயோடின் போன்ற கிருமிநாசினி இருந்தால் தடவலாம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பிப்பொடி எதுவும் காயத்தின்மேல் போகக் கூடாது; அவை கிருமியைக் கொல்வதில்லை, காயத்தைப் புண்ணாக்கி மருத்துவருக்குத்தான் தொந்தரவு தருகின்றன. கட்டுப் போட்டு இறுக்குவதும், அவசரப்பட்டுத் தையல் போடச் சொல்வதும் அதே போலத் தவறு.

கழுவிய கையோடு அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். அங்கே மருத்துவர்கள் காயத்தை மூன்றாகப் பிரித்துப் பார்ப்பார்கள். நாயைத் தொட்டதும், அதற்குச் சோறு வைத்ததும், காயமில்லாத தோலை அது நக்கியதும் முதல் வகை. இதற்கு ஊசி வேண்டியதில்லை. ரத்தம் வராத சிராய்ப்பும் தோலைக் கவ்விய தடமும் இரண்டாம் வகை, இதற்குத் தடுப்பூசி. தோலைத் துளைத்த கடி, ரத்தம் கசிந்த கீறல், ஏற்கெனவே இருக்கும் புண்ணிலோ கண், வாய், உதட்டின் உள்பகுதியிலோ எச்சில் பட்டது ஆகியவை மூன்றாம் வகை. இதற்குத் தடுப்பூசியோடு, காயத்துக்குள்ளும் அதைச் சுற்றியும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பு மருந்தையும் செலுத்த வேண்டும். பார்த்தால் கொசுக்கடியைச் சொறிந்தது போலிருந்த அந்தப் பொருக்கு மூன்றாம் வகையைச் சேர்ந்தது என்று சொன்னபோது, அப்பா நம்ப மறுத்தார். கொசுக்கடிப் புண், கரப்பான், சிரங்கு உள்ள பிள்ளையின் காலை நாய் நக்குவதும் இதே கணக்கில்தான் வரும். "நாய் நக்கினால் புண் ஆறும்" என்று சொல்லிவிடும் பாட்டிகளிடம் இதை மரியாதையாகச் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கிறது.

"வீட்டு நாய்தானே", "நேற்றுதான் அதற்கு ஊசி போட்டோமே" என்ற இரண்டு சமாதானங்களையும் அடிக்கடிக் கேட்கிறேன். ஊசி போட்ட மறுநாளே நாய்க்கு எதிர்ப்புச் சக்தி வந்துவிடுவதில்லை. அதற்குச் சில வாரங்கள் ஆகும். ஊசிக்கு முன்பே கிருமி உடலில் புகுந்திருந்தால், ஊசி அதைத் தடுக்கும் என்று நம்பவும் முடியாது. தெருவிலிருந்து எடுத்த குட்டியின் தாய் எது, அதை எது கடித்தது என்பதெல்லாம் யாருக்கும் தெரியாது. குட்டி என்பதால் வெறிநோய் வராது என்பதும் தவறு. நாயை 10 நாள் கவனித்துப் பார்க்கச் சொல்வது உண்மைதான். அந்த 10 நாளும் அது நலமாக இருந்தால், கடித்த நேரத்தில் அதன் எச்சிலில் கிருமி இருந்திருக்காது என்று பொருள். ஆனால் அதைக் கவனித்துக்கொண்டே குழந்தைக்கு அன்றே ஊசியைத் தொடங்க வேண்டும். 10 நாள் கழித்துத் தொடங்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. நாய் நலமாக இருந்தால் மீதித் தவணைகளை என்ன செய்வது என்பதைக் குழந்தையைப் பார்க்கும் மருத்துவர் முடிவு செய்வார், நானோ நீங்களோ அல்ல.

வெறிநாய் என்றதும் எல்லோரும் வாயில் நுரையோடு தெருவில் துரத்தும் நாயைத்தான் கற்பனை செய்கிறார்கள். என்னை அதிகம் பயமுறுத்துவது சத்தமே போடாத வகை. "தொண்டையில எலும்பு மாட்டிக்கிச்சு போல டாக்டர், ரெண்டு நாளா சாப்பிடல, எச்சில் வழியுது, நானே விரலை விட்டுப் பார்த்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டு யாராவது நாயைத் தூக்கிவந்தால், நான் முதலில் கையுறையைத் தேடுவேன். தாடை தொங்கி, விழுங்க முடியாமல், இருட்டு மூலையில் போய் ஒதுங்கும் நாய்க்கு மாட்டியிருப்பது எலும்பாகவும் இருக்கலாம். தாடைத் தசை செயலிழந்த வெறிநோயாகவும் இருக்கலாம். எங்கள் தொழிலில் இருப்பவர்கள் முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கொள்கிறோம். நீங்கள் போட்டிருக்க மாட்டீர்கள். அப்படிப்பட்ட நாயின் வாய்க்குள் கை விடாதீர்கள், பிள்ளைகளை வேறு அறைக்கு அனுப்பிவிடுங்கள்.

நோய் இல்லாத, பாசமான நாயும் கடிக்கும். திடீரென்று கடித்துவிட்டது என்று சொல்வார்கள். கடிப்பதற்கு முன் அது பலமுறை சொல்லியிருக்கும், நமக்குத்தான் அந்தப் பாஷை புரிந்திருக்காது. குழந்தை கட்டிப்பிடிக்கும்போது நாய் முகத்தைத் திருப்பிக்கொள்வது, தூக்கம் வராமலே கொட்டாவி விடுவது, தின்ன எதுவும் இல்லாமல் உதட்டை நக்குவது, கடைக்கண்ணில் வெள்ளை தெரிய விழிப்பது, பிறகு கல் மாதிரி அசையாமல் நிற்பது எல்லாம் "என்னை விடு" என்பதன் படிகள். உறுமல் அதற்கும் அடுத்த படி. உறுமியதற்காக நாயை அடித்துப் பழக்கினால், அடுத்த முறை அது உறுமாமலே கடிக்கும். வால் ஆடுகிறது என்பதை மட்டும் நம்பாதீர்கள். விறைத்து உயர்ந்து ஆடும் வால் வேறு, இடுப்போடு சேர்ந்து குழைந்து ஆடும் வால் வேறு. ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற நம் ஊர் நாய்கள் வீட்டு மனிதர்களிடம் உயிரையே வைத்திருக்கும். ஆனால் விருந்துக்கு வந்த வீட்டின் பிள்ளைகள் கூச்சலிட்டு ஓடும்போது, அவர்களும் நம்மவர்கள்தான் என்பது அதற்கு எப்படித் தெரியும்? சாப்பிடும் நாய், தூங்கும் நாய், குட்டி போட்ட நாய் இவற்றின் அருகே பிள்ளைகள் போகக் கூடாது. பள்ளிக்கூட வயதுக்கு வராத குழந்தையையும் நாயையும் ஒரே அறையில் தனியாக விட்டுவிட்டு அடுப்படிக்குப் போகாதீர்கள், அது எவ்வளவு சாதுவான நாயாக இருந்தாலும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அழகர்கோவிலுக்கோ கொடைக்கானலுக்கோ போகும் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. பழமுதிர்சோலைக்கு ஏறும் பாதையில் பிள்ளைகள் கையில் பொரிப் பொட்டலத்தோடு நடப்பதும், குரங்கு அதைப் பறிப்பதும், அந்த இழுபறியில் விரலில் நகம் கீறுவதும், அதைச் சிரித்துக்கொண்டே படம் எடுப்பதும் எல்லோரும் பார்த்த காட்சிகள்தான். குரங்குக் கீறலுக்கும், பூனைக் கீறலுக்கும் நாய்க்கடிக்கு உள்ள அதே நடைமுறைதான்: சோப்பு, தண்ணீர், 15 நிமிடம், மருத்துவமனை. தின்பண்டத்தை மூடிய பைக்குள் வையுங்கள். குரங்கு பறித்தால் பிள்ளை கையை விட்டுவிட வேண்டும் என்று கிளம்பும் முன்பே சொல்லிவையுங்கள். வீட்டு எலி கடித்தால் வழக்கமாக வெறிநாய்த் தடுப்பூசி தேவைப்படுவதில்லை, ஆனாலும் காயத்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

குட்டியின் வயிற்றுப் புழுவைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான குட்டிகள் தாயிடமிருந்தே உருண்டைப் புழுவோடு பிறக்கின்றன. அவற்றின் மலத்தில் வெளியேறும் முட்டைகள் மண்ணில் சில வாரம் கிடந்து முதிர்ந்து, மண்ணில் விளையாடும் பிள்ளையின் விரல் வழியாக வாய்க்குப் போனால், கல்லீரலையும் சில சமயம் கண்ணையும்கூடப் பாதிக்கும். குட்டிக்கு 2 வாரத்துக்கு ஒருமுறை குடற்புழு நீக்க மருந்து கொடுப்பதும், மலத்தை அன்றன்றே அள்ளி அப்புறப்படுத்துவதும் இதற்குப் போதும்.

ஊசி என்றதும் பெரியவர்கள் முகம் மாறுவதற்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று நம் வீடுகளில் சொல்லிக்கொண்டிருந்த அந்த மருந்து, 2000-களின் நடுப்பகுதியோடு நம் நாட்டில் நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் மிகச் சிறிய அளவில், தொடங்கும் நாள், 3, 7, 28 ஆகிய நாட்களில் மேற்கையில் போடுகிறார்கள், கட்டணம் இல்லை. லூயி பாஸ்டர் 1885 ஜூலையில் இந்தத் தடுப்பூசியை முதன்முதலில் போட்டதே நாய் கடித்த 9 வயதுச் சிறுவன் ஒருவனுக்குத்தான் என்பதைச் சொன்னால், ஊசிக்கு அழும் பிள்ளைகள் கொஞ்சம் யோசிக்கிறார்கள். தேதிகளை ஒரு தாளில் எழுதி வீட்டு நாட்காட்டியோடு சேர்த்து மாட்டுங்கள். நான் பார்த்தவரையில் பெரும்பாலும் விட்டுப்போவது 28-ஆம் நாள் தவணைதான், அதற்குள் கீறலும் ஆறி, பயமும் ஆறிவிடுகிறது.

அந்தக் குடும்பம் குட்டியின் அடுத்த தவணைக்கு வந்தபோது, பிள்ளையின் நான்கு தவணையும் முடிந்திருந்தது. அப்பா வாக்குக் கொடுத்தபடி குட்டியை எங்கும் கொண்டுபோய் விடவில்லை. அவள் அரைக்கைச் சட்டையில் வந்திருந்தாள். நான் கேட்பதற்கு முன்பே மணிக்கட்டைத் திருப்பிக் காட்டி, "இது புதுசு டாக்டர், நேத்து சாயங்காலம். அப்பா போன்ல டைம் வச்சு சோப்பு போட்டாங்க" என்றாள். முழுத் தவணையும் முடிந்து 3 மாதம் ஆகாத பிள்ளைக்கு அது போதும் என்று அன்று காலையே அரசு மருத்துவமனையில் காட்டிக் கேட்டுக்கொண்டு வந்திருந்தார்கள்.