கழுத்து நிற்காத வாத்துகள்

சம்பா அறுவடை முடிந்த வயல்களில் வாத்து மேய்ப்பவர் ஒருவர், ஆறு வாத்துகளைக் கூடையில் கொண்டுவந்து எங்கள் கால்நடை மருந்தகத் திண்ணையில் வைத்தார். எல்லாவற்றுக்கும் உயிர் இருந்தது. ஒன்றுக்கும் கழுத்து நிற்கவில்லை. தூக்கிப் பிடித்தால் ஈரத்துணி போல மறுபக்கம் சரிந்தது.

"யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் ஐயா."

விஷம்தான், ஆனால் யாரும் வைத்ததில்லை. பிறகு செத்துப்போன ஒன்றை அறுத்துப் பார்த்தபோது இரைப்பையில் வெள்ளைப் புழுக்கள் இருந்தன. முந்தைய நாள் மேய்ந்தது ஏரியின் உள்வாயில். அங்கே கருவேல மரத்தடியில் இரண்டு நாரைகள் அழுகிக் கிடந்தன.

பொட்டுலிசம் என்ற இந்த நோயின் கிருமி சேற்றில் விதைபோல உறங்கிக் கிடக்கும். வெயில் ஏறி, செத்த உடல் அழுகும்போது அதற்குள் பெருகி நஞ்சைக் கக்கும். அதைத் தின்னும் புழுவுக்கு ஒன்றும் ஆகாது. புழுவைத் தின்னும் வாத்துக்குத்தான் கால், இறகு, கழுத்து என்று வரிசையாகச் செயலிழக்கும். நாலைந்து புழுவே போதும். தலையைத் தூக்க முடியாமல் முழங்கால் தண்ணீரில் மூழ்கிச் சாகும் வாத்துகளும் உண்டு. அந்த உடலில் மறுபடி புழு வைக்கும்.

வடகிழக்குப் பருவமழையோடு ஊசிவால் வாத்து, நீலச்சிறகி எல்லாம் டெல்டா ஏரிகளுக்கு வருகின்றன. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்த வடுவூரும் உதயமார்த்தாண்டபுரமும் பெயர் பெற்றவை. பெயர் தெரியாத ஏரிகள் எத்தனையோ. மாசி, பங்குனியில் தண்ணீர் வற்ற வற்ற, ஏரி முழுக்கப் பரவியிருந்த கூட்டம் ஒரே குட்டையில் நெருக்குகிறது. எச்சம் விழுந்து தண்ணீர் பச்சையாகி நாறுகிறது. மீன் குத்தகைக்காரர்கள் நீர்க்காகத்தைத் திட்டுகிறார்கள். வெடி போடலாமா என்று என்னிடமே கேட்டவர் உண்டு. சட்டம் விடாது. விட்டாலும், நோயுற்ற கூட்டம் அடுத்த ஏரிக்குப் போகும், அவ்வளவுதான். பறவை அதிகமாகிவிட்டது என்கிறார்கள். எனக்கென்னவோ ஏரிதான் குறைந்துவிட்டதாகத் தோன்றுகிறது.

செத்த பறவையை வெறுங்கையால் தொடாதீர்கள், நாய்க்கும் போடாதீர்கள். பறவைக் காய்ச்சலா, பொட்டுலிசமா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல எனக்கே முடியாது. வனத்துறைக்கும் கால்நடை மருத்துவமனைக்கும் உடனே சொல்லுங்கள். மாதிரி எடுத்தபின் ஆழப் புதைப்பார்கள். அதுவரை வாத்துகளை அந்தப் பக்கம் ஓட்டவேண்டாம்.

மீதி ஐந்தையும் நிழலில் வைக்கோல்மேல் கிடத்தி, தலைக்கு வைக்கோல் பிரியை அண்டை கொடுத்து, மணிக்கொரு முறை சொட்டுச் சொட்டாக நல்ல தண்ணீர் கொடுத்தோம். மூன்றாம் நாள் இரண்டு எழுந்து நடந்தன.