கண்மாய் நிரம்பினால் மட்டும் போதுமா?

வடகிழக்குப் பருவமழையில் கண்மாய் மறுகால் பாய்ந்துவிட்டால், "இனி பறவைக்குக் கவலையில்லை" என்று எங்கள் பக்கம் பேசிக்கொள்வார்கள். நிரம்புவது பாதிதான். நிரம்பிய தண்ணீர் எப்படி இறங்குகிறது என்பதில்தான் மீதி இருக்கிறது.

சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், தேர்த்தங்கல், சக்கரக்கோட்டை, மேலச்செல்வனூர்-கீழச்செல்வனூர் என ராமநாதபுரம் மாவட்டத்தின் இந்தச் சரணாலயங்கள் எல்லாமே பாசனக் கண்மாய்கள். முதல் நான்கும் இன்று ராம்சார் தளங்கள், அதாவது உலக அளவில் முக்கியமானவை என்று அங்கீகரிக்கப்பட்ட ஈரநிலங்கள். ஆனாலும் வயலும் பறவையும் ஒரே மடைத் தண்ணீரைத்தான் நம்பியிருக்கின்றன.

மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் தண்ணீருக்கு நடுவே நிற்கும் கருவேல மரங்களில் கூடு கட்டும். அடிமரத்தைச் சுற்றித் தண்ணீர் நிற்கும்வரை நாயோ நரியோ எளிதில் நெருங்காது. முட்டையிட்டதிலிருந்து குஞ்சு பறக்க ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். அதற்குள் வற்றினால் மீனும் குறையும், நாயும் வரும். கூட்டை அப்படியே விட்டுவிட்டுப் பறவைகள் போய்விடும்.

கரையோரத்தில் நிலைமை வேறு. சேற்றில் இரை தேடும் உள்ளான் பறவைகளுக்கு ஈரச் சேறும் அதன்மேல் சில விரற்கடைத் தண்ணீரும் போதும். ஊசிவால் வாத்து தலையைக் கவிழ்த்து, வாலை வானுக்குத் தூக்கிக்கொண்டு அடியில் கிடக்கும் விதைகளைத் தேடும். ஒரு முழத்துக்கு மேல் ஆழமிருந்தால் அதற்கு எட்டாது. தண்ணீர் மெல்ல இறங்கினால் வாரத்துக்கு வாரம் புதிதாகச் சேறு வெளியே வரும். அதில் மேய்ந்துதான் வலசைப் பறவைகள் வடக்கே திரும்பத் தேவையான கொழுப்பைச் சேர்க்கின்றன. ஒரே மூச்சில் மடையைத் திறந்துவிட்டால் இந்த மேய்ச்சல் சில நாளில் காய்ந்து வெடித்துவிடும். அதனால் மடை திறக்கும் முறையை ஆயக்கட்டு விவசாயிகளோடு, அதாவது அந்தக் கண்மாயில் பாசனம் பெறுகிறவர்களோடு, உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். அவர்களை விட்டுவிட்டுப் போடும் எந்தத் திட்டமும் நிற்காது.

எனக்கு ரொம்ப வருத்தம் தருவது தூர்வாரும் விதம். ஜேசிபியை இறக்கி, ஓரத்தைச் செங்குத்தாக வெட்டிக் கண்மாயை நீச்சல் குளம் மாதிரி ஆக்கிவிடுகிறார்கள். கொள்ளளவு கூடும், சரி. உள்ளான் எங்கே நிற்கும்? ஓரங்களைச் சரிவாக விடுங்கள். எடுத்த மண்ணில் ஒரு பகுதியை உள்ளேயே திட்டுகளாகக் குவித்து நாட்டுக் கருவேலம் நடுங்கள்.

அப்புறம் சீமைக்கருவேலம். அகற்ற வேண்டியதுதான். ஆனால் வேறு மரமில்லாத இடத்தில் பறவைகள் அதிலும் கூடு கட்டுகின்றன. நாட்டு மரங்கள் வளரும்வரை பகுதி பகுதியாக எடுங்கள். அதுவும் குஞ்சுகள் எல்லாம் பறந்துபோன பிறகு, கோடையில்.